தெளிந்த தண்ணீரில் நீலம் ஊற்றியவர்

செய்தி வந்தபோது நான் லேபில் நின்றுகொண்டிருந்தேன். கேட்டில் காவலுக்கு இருக்கும் முத்தையா அண்ணன் உள்ளே வருகிறவர் இல்லை. எதுவானாலும் வாசலில் நின்றுதான் கூப்பிடுவார். அன்று செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்து என் மேஜைக்கு எதிரே நின்றார். "லேப் அக்கா, நம்ம இஞ்சினியரு போயிட்டாராம். கொட்டாம்பட்டி பஸ்ல. கண்டக்டர் எழுப்பியிருக்காரு, எந்திரிக்கல" என்றார். "எந்த இஞ்சினியரு?" என்று கேட்டேன். எங்கள் சாய மில்லில் இஞ்சினியர் என்றால் ஒருவர்தான். தெரிந்துகொண்டேதான் கேட்டேன். முத்தையா அண்ணன் தலைத்துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

செல்லப்பாண்டி சாரோடு வேலை பார்த்தவர்கள், அவரிடம் பயிற்சிக்கு வந்து இன்று எங்கெங்கோ மில்லிலும் ஆலையிலும் இருப்பவர்கள் இதைப் படிப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். நான் ராஜம். ஆனையூருக்கு வடக்கே இருக்கும் அந்த மில்லில் தண்ணீரையும் சாயத்தையும் சோதித்துச் சொல்வது என் வேலை. இறந்தவரைப் பற்றி எழுதும்போது எல்லாரும் முதல் வரியிலேயே "புன்னகை மாறாதவர்" என்று போட்டுவிடுகிறார்கள். இவர் சிடுமூஞ்சி. காலையில் வணக்கம் சொன்னால் "அதுக்கென்ன இப்ப?" என்பது போலப் பார்ப்பார். டீ ஆறிப்போயிருந்தால் டீ கொண்டுவந்தவரிடம் சண்டை, சூடாக இருந்தால் என்னிடம் சண்டை. அந்த மனிதருக்காக மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் அவர் மில்லுக்கு வந்தார். மதுரைக்கு மேற்கே சோளமும் பருத்தியும் போடுகிற குடும்பம். அந்தக் குடும்பத்தில் கெமிக்கல் இஞ்சினியரிங் படித்த முதல் ஆள் அவர். காளவாசலில் ஒரு வீட்டு மாடியில் குடியிருந்தார். வந்த முதல் வாரத்தில் சாயத்தொட்டிகளின் கீழே ஓடும் கழிவு வாய்க்காலைக் காட்டி, "இது எங்க போகுது?" என்று கேட்டார். "வெளிய போகுது சார்" என்றார்கள் தொழிலாளர்கள். "வெளியன்னா எங்க?" யாருக்கும் தெரியவில்லை. வருஷக்கணக்காக வேலை பார்ப்பவர்கள், ஒருவருக்கும் தெரியவில்லை. அவர் பேன்ட்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு வாய்க்காலோடு நடக்க ஆரம்பித்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டித் திரும்பி வந்தார். முழங்கால் வரை சிவப்பு. "ஓடையில போய் விழுகுது. ஓடை ரெண்டு பக்கமும் வயக்காடு" என்று என்னிடம் சொல்லிவிட்டு, கால் கழுவப் போனார். அந்தச் சிவப்பு ஒரு வாரம் போகவில்லை.

அந்த நாளில் எங்கள் ஓடை தினமும் ஒரு நிறத்தில் ஓடும். சேலைக்கான நூல் எந்தச் சாயத்தில் முங்குகிறதோ, ஓடை அந்த நிறம். ஊர்க்காரர்களுக்கு எரிச்சல் என்றால் சாதாரண எரிச்சல் இல்லை. பேச்சியம்மாள் என்று ஒரு அக்கா ஒருநாள் மில் கேட்டுக்கு வந்து கத்தரிப்பூ நிறத்தில் ஒரு வேட்டியைத் தூக்கி முத்தையா அண்ணன் மேல் வீசினார். "வெள்ளை வேட்டியத்தான் தொவைக்கக் கொண்டு போனேன், பாதி தொவைக்கையில கலரு வந்து விழுந்துருச்சு. இதக் கட்டிக்கிட்டு எம் புருசன் கோயிலுக்குப் போவாரா, கூத்துக்குப் போவாரா? உங்க மொதலாளியவே கட்டிக்கிறச் சொல்லு" என்று அவர் போட்ட சத்தம் லேப் வரை கேட்டது. எங்களுக்குச் சிரிப்பு. செல்லப்பாண்டி சார் சிரிக்கவில்லை. கேட்டுக்குப் போய் அந்த வேட்டியை வாங்கி மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, "கலரை எடுத்துர்றேன்க்கா" என்றார். "எப்ப?" "அடுத்த வெள்ளாமைக்குள்ள." அந்த அக்காவுக்கு நம்பிக்கையில்லை. எனக்கும் இல்லை.

ஆனால் எடுத்தார். மில்லின் பின்னால் பெரிய தொட்டிகள் கட்டவைத்தார். கழிவுத் தண்ணீரில் சுண்ணாம்பும் அன்னபேதித் தூளும் கலந்து விட்டால் சாயம் திரிந்து, கூழாகி, அடியில் தங்கும். மேலே தண்ணீர் தெளிந்து நிற்கும். எந்தத் தண்ணீருக்கு எவ்வளவு சுண்ணாம்பு என்று நானும் அவரும் மாதக்கணக்கில் மல்லுக்கட்டினோம். தெளிந்த தண்ணீரை ஓடையில் விட்ட அன்று ஊரே வந்திருந்தது. முதலாளியும் வந்திருந்தார். செல்லப்பாண்டி சார் கூட்டத்துக்கு நடுவே குனிந்து, இரண்டு கையாலும் அந்தத் தண்ணீரை அள்ளி முகம் கழுவினார். வாழ்நாளில் அவர் சந்தோஷமாக நின்று நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். பேச்சியம்மாளின் கணவர் அய்யாவு முன்னால் வந்து ஒரு துண்டைப் போர்த்தினார். "எங்க கெணத்துத் தண்ணியவிடத் தெளிவா இருக்கு சார்" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள்.

அடுத்து நடந்ததை உங்களில் பாதிப் பேர் அரைகுறையாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். முழுதாகச் சொல்கிறேன்.

மழை பொய்த்தது. கிணறுகள் அடி தெரியக் கிடந்தன. ஓடையில் மட்டும் எங்கள் மில் தண்ணீர் பளிங்கு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அய்யாவு அண்ணன் ஓடையிலிருந்து ஒரு வாய்க்கால் வெட்டித் தன் வயலுக்குத் திருப்பினார். மில் இஞ்சினியரே முகம் கழுவிய தண்ணீர், அதில் யாருக்கு என்ன சந்தேகம் வரும்? லேசாகக் கரித்தது, அந்தப் பக்கத்துக் கிணறுகளே கொஞ்சம் கரிக்கிற சப்பைத் தண்ணீர்தான், அதனால் அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. முதல் வெள்ளாமை நன்றாகவே வந்தது. சுற்றுவட்டாரமெல்லாம் காய்ந்து கிடக்கும்போது அவர் வயலில் மட்டும் மிளகாய் சிவந்து நின்றது. அடுத்த முறை இலை நுனி கருகியது. அதற்கும் அடுத்த முறை போட்ட நாற்று எழுந்திருக்கவே இல்லை. வயல் முழுக்க வெள்ளை பூத்துவிட்டது.

அய்யாவு அண்ணன் மில்லுக்கு வந்த காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சண்டைக்கு வரவில்லை. துண்டு முனையில் மண்ணை முடிந்து கொண்டுவந்திருந்தார். லேப் மேஜையில் வைத்து அவிழ்த்தார். "சார், இத நாக்குல வச்சுப் பாருங்க" என்றார். செல்லப்பாண்டி சார் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து நான் தண்ணீர் எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை. அந்த மண்ணை விழுங்கிவிட்டார்.

சாயம் நூலில் ஏறவேண்டும் என்றால் தொட்டியில் உப்புப் போடவேண்டும். கொஞ்சநஞ்சமல்ல, மூட்டை மூட்டையாக. நூல் சாயத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். உப்பு தண்ணீரிலேயே நிற்கும். சுண்ணாம்பும் அன்னபேதியும் உப்பை ஒன்றும் செய்யாது. இதெல்லாம் பாடப் புத்தகத்தில் இருப்பதுதான். ஆனால் ஊர் கேட்டது நிறத்தைப் பற்றி. முதலாளி பயந்தது நிறத்தைப் பற்றி. எங்கள் லேபில் அந்தத் தண்ணீருக்கு நாங்கள் செய்த சோதனையும் நிறத்தைப் பற்றி மட்டும்தான். அய்யாவு அண்ணன் போன பிறகு செல்லப்பாண்டி சார் ஜன்னல் பக்கம் போய் நின்றார். வெளியே லாரியிலிருந்து உப்பு இறக்கிக்கொண்டிருந்தார்கள். "ராஜம், முன்வாசல் வழியா லாரி லாரியா வருது பாருங்க. இது எந்த வழியா வெளிய போகுதுன்னு நான் ஒருநாளாவது யோசிச்சேனா?" என்றார். "நானும் யோசிக்கல சார்" என்றேன். "நீங்க முகம் கழுவலையே" என்றார்.

அன்று சாயங்காலமே அய்யாவு அண்ணனின் வாய்க்காலை மூடச் சொல்லிவிட்டார். ஊரில் வீடு வீடாகப் போய், "இந்தத் தண்ணியப் பாய்ச்சாதீக, மாட்டுக்குக் காட்டாதீக" என்று சொன்னார். ஓடைக்கரையில் போர்டு எழுதி நட்டோம். அடுத்த வாரம் அந்தப் போர்டு ஒரு டீக்கடைக்குத் தட்டியாகி நின்றது. அந்த நேரத்தில்தான் ஆனையூர்ப் பக்கம் மனை போட்டு விற்க ஆரம்பித்திருந்தார்கள். எங்கிருந்தோ வந்து குடியேறுகிறவர்களுக்கு எங்கள் கதை என்ன தெரியும்? தெளிந்த தண்ணீர் ஓடுகிறது என்று குடத்தோடு இறங்கினார்கள். ஒரு அம்மா ஓடையில் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்ததை அவர் பார்த்துவிட்டு வந்தார். லேபில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: "சாயம் ஓடுன வரைக்கும் மாடுகூட வாய் வைக்கல. நாந்தான் தெளிய வச்சுக் கையில குடுத்துட்டேன்."

மறுநாள் காலை, தெளிந்த தண்ணீர் மில்லை விட்டு வெளியேறும் இடத்தில் அவர் ஒரு வாளியோடு நின்றார். எங்களிடம் இருந்த சாயங்களிலேயே சாதுவான ஒரு நீலத்தை ஒரு கரண்டி வாளியில் கரைத்து, சொட்டுச் சொட்டாக விழும்படி ஒரு குழாயில் கட்டிவிட்டார். ஓடை மறுபடி நீலமாகப் போயிற்று. கேடு செய்கிற சாயங்களெல்லாம் முன்போலவே தொட்டியில் தங்கின. வெளியே போனது அந்த ஒரு கரண்டி நீலம் மட்டும். "உப்பை எடுக்க எனக்கு இன்னும் வழி தெரியல. தெரியிற வரைக்கும் பார்த்தவுடனே இது வேணாம்னு தோணணும். எழுதப் படிக்கத் தெரியாதவுகளுக்கும் தோணணும்" என்றார்.

சிரித்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? "எடுக்கவும் சம்பளம், திருப்பிப் போடவும் சம்பளமா" என்று சாயப் பிரிவில் பேசிக்கொண்டது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவரோடு படித்த ஒரு இஞ்சினியர், பெயர் சொல்ல மாட்டேன், மில்லைப் பார்க்க வந்தவர், "என்ன மாப்ள, படிச்சதெல்லாம் தலைகீழா மறந்துருச்சா?" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். முதலாளிக்கு வந்த கோபம் வேறு மாதிரி. தொட்டி கட்டியதைப் பெருமையாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தவர் அவர். "ஓடை மறுபடி நீலமா ஓடுனா நம்ம தொட்டி வேலை செய்யலன்னுதான பேசுவாக? மில்லு பேரு என்னாகும்?" என்றார். செல்லப்பாண்டி சார் எழுந்து நிற்கக்கூட இல்லை. "நீலம் வேணாம்னா உப்பையும் வெளிய விடாதீக. ரெண்டுல ஒன்னு" என்றார்.

அவர் கேட்டது பாத்திகள். தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் கட்டுவது போல, ஆழமில்லாமல் பரப்பிக் கட்டி, அடியில் சிமென்ட் பூசி, கழிவுத் தண்ணீரை வெயிலில் காயவைத்து உப்பை வாரிவிடலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். மதுரை வெயிலுக்கு என்ன குறை? முதலாளி கொடுத்த இடத்தில் கால்வாசித் தண்ணீர் காய்ந்தது. மீதிக்கு இடம் கிடைக்கவே இல்லை. வருஷா வருஷம் கேட்டார். வருஷா வருஷம் அடுத்த வருஷம் என்றார்கள். சாயம் ஏற்றிய தொட்டித் தண்ணீரையே மறுபடி சாயத்துக்கு எடுத்து, போடும் உப்பைக் குறைத்துப் பார்த்தார். கொஞ்சம் குறைந்தது. சாகிற வரை கால்வாசி பாத்தியும் குறைந்த உப்பும்தான் அவர் ஜெயித்தது. மீதி எல்லாவற்றுக்கும் அந்த நீலம்தான் காவல்.

அய்யாவு அண்ணனின் நிலத்தை மீட்க அவர் பட்ட பாட்டைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் அங்கேதான். ஜிப்சம் போட்டார், பசுந்தாள் உரத்துக்குக் கொளுஞ்சி விதைத்து மடக்கி உழவைத்தார், வரப்பை உயர்த்தி மழைத்தண்ணீரைத் தேக்கி உப்பைக் கழுவி இறக்கப் பார்த்தார். கழுவத் தண்ணீர் வேண்டும், மழைதான் இல்லையே. ஒரு வருஷம் நல்ல மழை பெய்து வயலில் கோரைக் களை முளைத்தது. கோரை முளைத்ததற்குச் சந்தோஷப்பட்ட சம்சாரியை நான் அங்கேதான் பார்த்தேன். அடுத்த கோடையில் மறுபடி வெள்ளை பூத்தது. அதற்குப் பிறகு அய்யாவு அண்ணன் கட்டட வேலைக்குப் போக ஆரம்பித்தார். பேச்சியம்மாள் அக்கா ஆடு வளர்த்தார். எங்கள் கேட்டில் வேட்டியை வீசிச் சத்தம் போட்ட அந்த வாய் அதற்குப் பிறகு பெரிதாகப் பேசி நான் கேட்டதில்லை.

பயிற்சிக்கு வந்த பிள்ளைகளுக்கு இது நினைவிருக்கும். மில்லில் சேர்ந்த முதல் நாள் உங்களுக்கு அவர் எந்த மிஷினையும் காட்டவில்லை. சைக்கிளில் ஏற்றி அந்த வயலுக்குக் கூட்டிப்போனார். வெள்ளை பூத்த வயலில் நிற்கவைத்து, "இது நான் செஞ்சது. கெட்ட எண்ணத்துல செய்யல. கேட்டதச் செஞ்சேன், கேக்காததப் பாக்கல" என்பார். அதற்கு மேல் பேச மாட்டார். திரும்பி வந்த பிறகுதான் பாய்லரும் பம்பும். ஒரு தடவை நீங்கள் கூட்டமாகப் போய் வரப்பில் நின்று பேசிச் சிரித்துக்கொண்டிருந்தபோது அய்யாவு அண்ணன் வந்துவிட்டார். "வேடிக்கை பாக்க இதென்ன சந்தையா சார்? செத்த வீட்டுக்குள்ள வந்து சிரிக்கிறாக" என்றார். செல்லப்பாண்டி சார் அன்று பட்ட அவமானத்தை நான் பார்த்திருக்கிறேன். அதன் பிறகு ஒவ்வொரு தடவையும் முதலில் அவர் மட்டும் வீட்டு வாசலுக்குப் போய், "அண்ணே, பிள்ளைகளக் கூட்டி வரவா?" என்று அனுமதி கேட்பார். சில நாள் வரச்சொல்வார்கள். சில நாள் "இன்னைக்கு வேணாம்" என்பார்கள். வேண்டாம் என்றால் எல்லாரையும் திருப்பிக் கூட்டி வந்துவிடுவார்.

பிறகு ஒருநாள் அய்யாவு அண்ணனே வரப்புக்கு வந்து நின்றார். நானும் அன்று போயிருந்தேன். பயிற்சிக்கு வந்திருந்த ஒரு பெண், "நீங்க ஏன் அண்ணே அந்தத் தண்ணியப் பாய்ச்சுனீங்க? உப்புக் கரிச்சிருக்குமே?" என்று கேட்டுவிட்டாள். எல்லாருக்கும் தூக்கிவாரிப் போட்டது. அவர் கோபிக்கவில்லை. செல்லப்பாண்டி சாரைக் கையைக் காட்டி, "இவரு நல்ல மனுசன் தாயி. கெட்டவன் குடுத்திருந்தா நாங்க தொட்டிருக்க மாட்டோம்" என்றார். திரும்பும்போது சார் சைக்கிளை மிதிக்காமல் காளவாசல் வரை தள்ளிக்கொண்டே நடந்தார் என்று பிள்ளைகள் சொன்னார்கள். அதற்குப் பிறகு என்னிடம் எப்போதாவது, "திட்டியிருந்தா பரவாயில்ல ராஜம்" என்பார். எதைப் பற்றி என்று நான் கேட்டதில்லை.

அவர் மனைவி சரோஜா அக்காவைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாவு வீட்டில் யாரோ ஒருவர், "ஊருக்கே உழைச்ச மனுசன்" என்று புகழ ஆரம்பித்தபோது அந்த அக்கா தலையை நிமிர்த்தி, "ஆமா, ஊருக்குத்தான். எங்களுக்கு ஒரு ஞாயித்துக்கிழமை வாய்க்கல" என்றார். அது உண்மை. அதையும் சேர்த்தே அவரை நினைக்கவேண்டும் என்று நினைக்கிறேன். நல்லது செய்கிறவர்களின் வீட்டில் இருப்பவர்கள் அந்த நல்லதற்கு என்ன கொடுத்தார்கள் என்று நாம் விசாரிப்பதே இல்லை. கடைசி ஒரு வருஷமாக சார் நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால், "பாத்தி வேலை முடியட்டும்" என்பாராம்.

இறந்த அன்று அவர் கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு ஊருக்குப் போய்க்கொண்டிருந்தார். அங்கே புதிதாக ஒரு சாயப்பட்டறை வரப்போகிறது. அவரிடம் முன்பு பயிற்சிக்கு வந்த ஒருவர் அந்த ஊர்க்காரர். "சார், நீங்க வந்து ஒருதடவ ஊர்ல பேசணும்" என்று கூப்பிட்டிருந்தார். பட்டறை வருவதற்கு முன்பே அந்த ஊர்க் கிணறுகளில் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று சோதித்து வைத்துவிடவேண்டும் என்பது அவர் எண்ணம். பிறகு கெட்டால் கெட்டது என்று காட்டலாம் அல்லவா. பைக்குள் காலி பாட்டில்களைக் கழுவி வைத்திருந்தார். கண்டக்டர் அந்தப் பையை மறக்காமல் வீட்டில் கொண்டுவந்து சேர்த்தார். சரோஜா அக்கா அதை என்னிடம் தந்து, "நீயே வச்சுக்க. எனக்கு இதப் பாத்தா ஆத்திரமா வருது" என்றார்.

அவரை எடுத்ததற்கு மறுநாள் நான் மில்லுக்குப் போனேன். முதலாளி கூப்பிட்டனுப்பினார். அவரும் அழுதவர்தான், பொய் சொல்லக் கூடாது, கண் வீங்கியிருந்தது. உட்காரச் சொன்னார். "நல்ல மனுசன். என்ன செய்ய, நம்ம கையில இல்ல" என்றார். அப்புறம், "அந்த நீலம் இனி வேணாம்மா. அவரு இருந்தவரைக்கும் அவரு மனசுக்காக விட்டேன். பக்கத்துல மனை போட்டவுக எல்லாம் வந்து கேக்குறாக, என்னா உங்க மில்லு இன்னும் சாயத்த விடுதுன்னு. தெளிவாவே போகட்டும்" என்றார். வெளியே வந்து பார்த்தபோது குழாயடியில் வாளி காய்ந்து கிடந்தது. அவர் போன நாளிலிருந்து யாரும் ஊற்றவில்லை. ஓடை தெளிந்து போய்க்கொண்டிருந்தது. ஓடையைப் பார்த்துக்கொண்டே கரையோரம் நடந்து அய்யாவு அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

சாவுச் செய்தியை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் அன்றுதான் தோன்றியது. வீட்டுக்கு வெளியே வேலைக்குக் கிளம்பி நின்றுகொண்டிருந்தார். சிமென்ட் அப்பிய சட்டை, தூக்குவாளி. பேச்சியம்மாள் அக்கா ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தார். "வா தாயி" என்றார் அண்ணன். நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. பேச்சியம்மாள் அக்கா குழையைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். "பிள்ளைகளக் கூட்டி வரவான்னு வந்து நிப்பாரே" என்று மட்டும் சொல்லி, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். அண்ணன் தூக்குவாளியைக் கீழே வைக்கவில்லை. வயல் பக்கம் திரும்பி நின்றார். வெள்ளை பூத்த வயல் வெயிலில் கண்ணைக் கூசவைத்தது.

பரவாயில்லை, மன்னித்துவிட்டோம் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அதைக் கேட்கத்தான் அவ்வளவு தூரம் நடந்தேனோ என்னவோ. அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் ஒருநாளும் சொன்னதில்லை. இறந்துபோனதற்காக மாற்றிச் சொல்கிற ஆளும் இல்லை. வயலைப் பார்த்தபடியே கேட்டார்: "ரெண்டு மூனு நாளா ஓடை தெளிஞ்சு வருதேன்னு பாத்தேன். அவரு போயிட்டாரு, சரி. நாளைக்கு நீலம் ஊத்துவாகளா?"

அந்த ஒரு கேள்விதான் கேட்டார். "கீழ ஓடைக்கரையில புதுசா ரெண்டு பேரு கத்தரி போட்டுருக்காக தாயி. சின்ன வயசுக்காரங்க, அவுகளுக்கு ஒன்னுந் தெரியாது" என்றார்.

"ஊத்துவேன்ணே" என்றேன்.

"மொதலாளி வேணாம்னு சொன்னா?"

"அப்பவும் ஊத்துவேன்."

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நம்பினாரா என்று தெரியவில்லை. ஒரு தடவை எங்கள் மில்லை நம்பியவர் அவர். "சரி, வேலைக்கு நேரமாச்சு, நான் வாரேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

செல்லப்பாண்டி சாரின் படத்தை மாட்டவேண்டும், அவர் பெயரில் பரிசு தரவேண்டும் என்று உங்களில் சிலர் பேசிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். தாராளமாகச் செய்யுங்கள். நீங்கள் இருக்கும் ஆலையின் வாய்க்காலோடு ஒருநாள் கடைசி வரை நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து செய்யுங்கள். எனக்கு அவரிடமிருந்து கிடைத்திருப்பது ஒரு வேலை. மறுநாள் முதலாளி வருவதற்கு முன்பே மில்லுக்குப் போய், வாளியில் நீலத்தைக் கரைத்துக் குழாயில் கட்டிவிட்டேன். பத்து மணிக்குக் கூப்பிட்டனுப்பினார். அவர் சொன்னதை எல்லாம் நின்றபடி கேட்டேன். நாளைக்கும் கூப்பிடுவார். ஒருநாள் கணக்கை முடித்து அனுப்பியும் விடுவார். அதற்குள் கீழே கத்தரி போட்டிருக்கும் அந்த இரண்டு பேரையும் பார்த்துப் பேசிவிடவேண்டும்.